என் எரிச்சலும் ஒரு நல்லதண்ணிக் கிணறும்

வதனியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது சுலபம். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். அர்ப்பணிப்பு, மக்கள் சேவை, கூட்டு முயற்சி என்று ஏதாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதையெல்லாம் பயிற்சிப் பட்டறையில் ரோல்ஸும் தேநீரும் தந்து உங்களுக்குச் சொல்லுவார்கள். நான் பொறாமையைப் பற்றி எழுதுகிறேன். இந்தத் தொழிலில் எனக்கு நன்றாகத் தெரிந்த விடயம் அதுதான்.

நானும் வதனியும் ஒரே காலத்தில் இந்த வேலைக்கு வந்தவர்கள். சுனாமிக்குப் பிறகு திருகோணமலையில் படித்தவர்கள் எல்லாரும் ஏதாவதொரு நிறுவனத்துக்காக ஓடித் திரிந்த காலம் அது. இருவரும் ஒரே குழுவில் கிணறு துப்புரவாக்கப் போனோம். பிறகு அவள் ஒரு உள்ளூர் நிறுவனத்துக்குப் போனாள், நான் இன்னொன்றுக்கு. இரண்டும் சின்ன நிறுவனங்கள். செய்ததும் ஒரே வேலைதான்: பாலர் பாடசாலை, பெண்களுக்குக் கைத்தொழில், வெள்ளம் வந்தால் நிவாரணம். அலுவலகங்கள்கூடத் துறைமுகத்தைப் பார்த்த ஒரே வீதியில்தான் இருந்தன. அவளுடைய வாசலில் எவ்வளவு செருப்புக் கிடக்கிறது என்று ஒரு கண் பார்த்துவிட்டுத்தான் நான் தினமும் என் வாசலுக்குப் போவேன்.

எனக்கு ஏன் எரிந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஒரு கிராமத்துக்கு நான் சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பேன். பெண்கள் அப்போதுதான் குசினியில் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்கள். வதனி எப்போதும் பிந்தித்தான் வருவாள். அவளுக்காக மரத்துக்குக் கீழே எல்லாரும் காத்துக்கொண்டிருப்பார்கள், ஒருவர் முகத்திலும் கோபம் இருக்காது. எனக்குப் பிளேன்ரீயும் பிஸ்கட்டும். வதனி வருகிறாள் என்றால் நண்டுக்கறி! கப்பல்துறையில் நாங்கள் ஒரு பாலர் பாடசாலை கட்டினோம். கட்டியது நாங்கள், கல் சுமந்தது எங்கள் ஆட்கள். திறப்பு விழாவுக்கு மரியாதைக்காக அவளையும் கூப்பிட்டோம். அவள் வாசலில் வந்து இறங்கியதும் என்னோடு கதைத்துக்கொண்டு நின்ற தாய்மார் பாதிக் கதையில் என்னை விட்டுவிட்டு ஓடினார்கள். நான் கையில் மாலையோடு தனியாக நின்றேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் கெட்டிக்காரியா என்றால், ஓம், கெட்டிக்காரி. அதுதானே பிரச்சினை. ஆள் மோசமாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் படுத்திருப்பேன்.

இனிக் கிணற்றுக் கதைக்கு வருகிறேன். சாம்பல்தீவுக்கு அப்பால் கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. பெயர் வேண்டாம். மணல் நிலம். வளவுக்கு வளவு கிணறு உண்டு, ஆனால் எல்லாம் சவர்த் தண்ணீர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், வாயில் வைக்க ஏலாது. குடிப்பதற்கு ஊருக்கே ஒரேயொரு நல்லதண்ணிக் கிணறு, கோயில் வளவுக்குப் பின்னால். அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டால் அதன் ருசியே வேறு. அங்கே போகிற நாட்களில் நான் ஒரு கானில் நிரப்பி ஸ்கூட்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவேன். அந்த ஊரில் பல வருடம் வேலை செய்தவள் நான்தான். அவ்வூர் என்னுடையது என்ற நினைப்பு எனக்கு.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் பெரிய வெள்ளம் ஒன்று வந்தது. அந்தக் கிணற்றுக்குள்ளும் வெள்ளம் போய்விட்டது. நிறுவனங்களுக்கு ஊர்களைப் பிரித்துக் கொடுக்கும் கூட்டத்தில் நான் வாய் திறப்பதற்கு முன்னரே கிராம சேவகர் சொல்லிவிட்டார்: "அங்கை வதனி மிஸ் நேற்றே தண்ணி இறைக்கிற மெசின் இறக்கிப்போட்டா." எங்களுக்குப் போத்தல் தண்ணீர் விநியோகம் கிடைத்தது. சுற்றுவட்டாரம் முழுக்க வீடு வீடாகத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்து, கிணற்றுத் தண்ணீரை இப்போதைக்குக் குடிக்க வேண்டாம் என்று சொல்லித் திரிந்தோம். நல்ல வேலைதான். ஆனால் போத்தல் கொடுத்தவளை யார் நினைத்து வைத்திருப்பார்கள், சொல்லுங்கள். கிணறு இறைத்துக் கொடுத்தவளைத்தான் ஊர் நினைக்கும்.

வதனி பெரிய மெசினைக் கொண்டுவந்து கிணற்றை அடி தெரிய இறைத்தாள். சேறு அள்ளினாள். மறுபடி ஊறிய தண்ணீர் கலங்கலாக இருந்ததால் பெண்கள் முகம் சுளித்தார்கள். திரும்பவும் இறைத்தாள். அதற்குப் பிறகும் இறைத்தாள். ஒவ்வொரு முறையும் படம் எடுத்துப் போட்டார்கள். சேற்றுத் தண்ணீர் குழாயால் பீறிட்டுப் பாய்வதும் பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்பதும் படத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் அந்தப் படங்களை விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். கொழும்பிலிருந்து நிதி கொடுத்தவர்கள் பார்க்க வருகிறார்கள் என்றும், அவர்களுக்கு முன்னால் கடைசியாக ஒரு முறை அடிவரை இறைத்து, பெயர்ப் பலகையும் திறக்கப்போகிறார்கள் என்றும் கதை வந்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லா வீட்டுக்கும் போத்தல் கிடைத்ததா என்று பார்க்கிற சாட்டில், அவர்கள் வருவதற்கு முதல்நாள் உச்சி வெயிலில் அங்கே போனேன். உண்மையில் போனது குறை கண்டுபிடிக்கத்தான். கிணற்றடியில் ஒருவரும் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கிணற்றுக்கட்டில் வெடிப்பு இல்லை. கழிவுத் தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டியிருந்தாள். கப்பி புதிது, வாளி புதிது, கயிறு புதிது. குளோரின் மணம்கூட அளவாகத்தான் இருந்தது. பெயர்ப் பலகைக்கு மேல் சிவப்புத் துணி போட்டு மூடியிருந்தது. ஒரு பிழையும் இல்லை! எனக்கு அழுகை வரப் பார்த்தது.

சரி, குளோரினாவது கூடியிருக்காதா என்ற நப்பாசையில் ஒரு வாளி அள்ளிக் கையில் ஊற்றி நாக்கு நுனியில் வைத்தேன். உப்பு. துப்பிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். கடல் தண்ணீர் மாதிரி இல்லை, ஆனால் உப்புத்தான். அந்தத் தண்ணீரை என் நாக்கு நன்றாக அறியும்.

அந்த நிமிடம் எனக்கு வந்தது சந்தோசம். மறைக்க என்ன இருக்கிறது? 'அகப்பட்டாயா வதனி' என்று வாய்விட்டே சொன்னேன். கிணற்றுக்கட்டில் சாய்ந்துகொண்டு, நாளைக்குக் கொழும்புக்காரர் வந்து ஒரு மிடறு குடித்துவிட்டு முகம் சுளிப்பதை மனதில் ஓட்டிப் பார்த்துச் சிரித்தேன்.

சிரிப்பு கொஞ்ச நேரம்தான் நிலைத்தது. சுனாமிக் காலத்தில் எங்கள் குழுவோடு ஒரு பொறியியலாளர் வேலை செய்தார். அதிகம் பேசாத மனிதர். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் மேலேதான் நிற்கும், அடியில் உப்புத் தண்ணீர் கிடக்கும் என்று எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். கஞ்சிக்கு மேலே தெளிவு நிற்கிற மாதிரி. மேலாக அள்ளினால் தெளிவு வரும், அகப்பையை அடியில் விட்டுக் கலக்கினால் எல்லாம் ஒன்றாகிவிடும். பெரிய மெசினால் அடிவரை இறைக்க இறைக்க உப்பு மேலே ஏறும், அது திரும்ப இறங்க மழை வேண்டும், பொறுமை வேண்டும், சில கிணறுகளில் இறங்காமலே போய்விடும் என்றும் சொன்னார். அப்படிப் போன கிணறுகளை நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஊரே கைவிட்ட கிணறுகள் அவை.

இந்தக் கிணறு இப்போதுதான் உப்புக் காட்டத் தொடங்கியிருந்தது. நாளைக்கு இன்னொருமுறை அடிவரை இறைத்தால் அந்த ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. போத்தலும் தண்ணீர் ஏற்றி வரும் பவுசர் லொறியும் எத்தனை காலத்துக்கு வரும்? வெள்ளக் கதை அடங்கினால் பவுசரும் நின்றுவிடும். இது ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை என்று யோசித்தபோது எனக்கே தலை சுற்றியது. ஊரில் எல்லாரும் நாங்கள் கொடுத்த போத்தல் தண்ணீரைக் குடிக்கிறார்கள். வதனியின் ஆட்களும் போத்தல்தான். குடிக்காதீர்கள் என்று நாங்களே சொல்லிவிட்டோம். எல்லாரும் தண்ணீரின் நிறத்தைத்தான் பார்த்தார்கள், ஒருவரும் வாயில் வைக்கவில்லை.

அந்த நேரம் ஒரு பெண் துணி உலர்த்த வந்தாள். "பிள்ளை, இதைக் கொஞ்சம் வாயிலை வைச்சுத் துப்பிப் பாரும்" என்றேன்.

"ஐயோ மிஸ், குடிக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே வீடு வீடாச் சொன்னனீங்கள்!" என்றவள் அந்தப் பக்கமே வரவில்லை.

கிராம சேவகரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் என்னை நன்றாகத் தெரிந்தவர். கேட்டுவிட்டுச் சிரித்தார். "மிஸ், குறை நினைக்காதேங்கோ. உங்களுக்கும் வதனி மிஸ்ஸுக்கும் உள்ள கதை ஊருக்கே தெரியும். நாளைக்கு ஆக்கள் வரேக்கை இப்பிடி ஒரு கதையைக் கிளப்பினால், காய்மகாரத்திலை சொல்லுறா எண்டுதான் சொல்லுவினம்."

"காய்மகாரம்தான். அதுக்காகத் தண்ணி இனிக்குமோ?" என்றேன். சுகாதாரப் பரிசோதகருக்குத் தொலைபேசியில் சொன்னேன். தண்ணீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம், முடிவு வரச் சுணங்கும் என்றார். மெசின் விடிய வந்து இறங்கிவிடும்.

பிள்ளைகளே, நீங்களும் ஒருநாள் இந்த இடத்தில் நிற்பீர்கள். கையில் உண்மை இருக்கும், ஆனால் அதை உங்கள் வாயால் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். நாளை அவள் முகத்தில் கரி பூசப்படும், நான் தூர நின்று பார்த்திருப்பேன். அந்த ஆசை எனக்கு எவ்வளவு இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. கொழும்புக்காரருக்கு நேரே சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கடைக்காரியைப் பற்றிக் கோள் சொல்லுகிற மாதிரித்தான் நினைத்திருப்பார்கள், மெசினும் ஓடியிருக்கும். அந்த மெசினை நிறுத்தக்கூடிய ஆள் ஒருத்திதான். ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு அவளிடமே போனேன்.

அவளுடைய அலுவலகத்துக்குள் நான் அதற்கு முன் காலடி வைத்ததில்லை. உள்ளே போனதும் முதலில் கண்டது சுவர் முழுக்கப் படங்கள், கிராமத்துப் பெண்கள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. எனக்கு வந்த விடயமே ஒரு கணம் மறந்துபோனது. என் அலுவலகச் சுவரில் ஒரு கலண்டர்தான் தொங்கியது.

"தவம் அக்கா! என்ன அதிசயம்? இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். நாளைய விழாவுக்காக மாலைகளும் தண்ணீர் குடிக்கிற பேணிகளும் மேசையில் கிடந்தன.

நான் இருக்கவில்லை. போத்தலை நீட்டினேன். "அந்தக் கிணத்துத் தண்ணி. உப்பேறிப் போச்சு. நீர் ருசிச்சுப் பாரும்."

அவள் போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "எத்தனை வருசமா அக்கா என்ரை பின்னாலை திரியிறீங்கள்? நான் என்ன செய்தாலும் உங்களுக்கு ஒரு நொட்டை. நாளைக்கு ஆக்கள் வருகினம் எண்டு தெரிஞ்சுதானே இண்டைக்கு இதைக் கொண்டு வந்தனீங்கள்?" அதோடு நிற்கவில்லை. "நீங்களே உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தீங்களோ, ஆருக்குத் தெரியும்?"

எனக்கு வந்த கோபத்தில் போத்தலை அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். "ஓமடியப்பா, எனக்கு உன்னிலை எரிச்சல்தான்!" என்று கத்தினேன். நீர் என்ற மரியாதை பறந்துவிட்டது. "எரிச்சலிலைதான் அங்கை போனனான். குறை பிடிக்கத்தான் போனனான். குறை ஒண்டும் கிடைக்காமல்தான் தண்ணியை வாயிலை வைச்சனான். உன்னிலை அன்பு வைச்சிருக்கிற ஒருத்தராவது அதை வாயிலை வைச்சவையோ? நீ வைச்சனியோ? சொல்லு!"

வெளியே தட்டச்சு செய்துகொண்டிருந்த பிள்ளை கையை எடுத்துவிட்டாள்.  சுனாமிக் காலத்தில் அந்தப் பொறியியலாளர் கதைத்தபோது வதனியும் என் பக்கத்தில்தான் நின்றாள். அது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும், கையிலிருந்த மாலையை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"போத்தலை நான் நம்ப மாட்டன்" என்றாள். "கிணத்தடிக்குப் போவம்."

அவளுடைய வாகனம் கொழும்புக்காரரை ஏற்றப் போயிருந்தது. ஆகவே என் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினாள். அலுவலகப் பிள்ளையிடம் ஹெல்மெட் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டாள், அது அவளுக்குப் பெரிது. வீதியில் இருந்த கடைக்காரர் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். தவமும் வதனியும் ஒரே ஸ்கூட்டியில்! உப்புவெளி தாண்டும் வரை நாங்கள் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பாலத்தடியில் குழி ஒன்றில் விழுந்து எழும்பியபோது மட்டும் "பார்த்து ஓடுங்கோ" என்றாள்.

கிணற்றடியில் அவள் தானே அள்ளினாள். கையில் ஊற்றி வாயில் வைத்தாள். துப்பினாள். மறுபடி அள்ளினாள், இந்த முறை வாளியை இன்னும் ஆழ விட்டு. அதையும் வாயில் வைத்தாள். பிறகு கிணற்றுக்கட்டில் அப்படியே இருந்துவிட்டாள். "என்ரை கடவுளே, நான் என்ன வேலை பார்த்து வைச்சிருக்கிறன்" என்றாள். 

அதற்குள் ஊர்ப் பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் மாதர் சங்கத் தலைவி பூமணி. வதனியைக் கண்ட சந்தோசம் என்னைக் கண்டதும் அவளுக்குப் பாதியாகிவிட்டது. "இந்த மிஸ் ஏன் இஞ்சை? மத்தியானமும் வந்து நிண்டவவாம். எங்கடை கிணத்து வேலையைக் குழப்பவோ?"

நான் வாயைத் திறந்தேன். உப்பைக் கண்டுபிடித்தது நான், வெயிலில் நின்றது நான், ஏச்சு வாங்கினதும் நான் என்று நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றது. பூமணியின் முகத்தைப் பார்த்தேன். நான் சொல்லுகிற எதையும் அவள் கேட்கப் போவதில்லை. நான் சொன்னேன் என்பதற்காகவே நாளைக்கு எங்கேயாவது மெசின் எடுத்து இறைத்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டேன். என் வேலைக் காலத்தில் நான் எடுத்த கடினமான முடிவு அதுதான். வெளியில் பார்த்தவர்களுக்கு ஒரு பொம்பிளை பேசாமல் நின்றாள், அவ்வளவுதான்.

"அவவை நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்று வதனி எழும்பினாள். "நாளைக்கு மெசின் வராது. தண்ணி உப்பேறுது. நான் ருசிச்சுப் பார்த்தனான்."

கூட்டம் பொங்கியது. "கலங்கலை எப்பிடி அக்கா குடிக்கிறது?" "நாளைக்குப் பெரிய ஆக்கள் வருகினமெல்லோ?" "நீங்கள் இறைக்காட்டில் எங்கடை அண்ணற்றை தோட்டத்து மெசினைக் கொண்டு வந்து நாங்களே இறைப்பம்!" கடைசியாகச் சொன்னது பூமணி. அவளுடைய அண்ணன் வீடு கூப்பிடு தூரத்தில்தான்.

 வதனி வாளியைத் தூக்கிக்கொண்டு பூமணியிடம் போனாள். "கையை நீட்டுங்கோ. விழுங்க வேண்டாம், வாயிலை வைச்சிட்டுத் துப்புங்கோ." பூமணி நீட்டினாள். மத்தியானம் என்னிடம் ஒருத்தி மாட்டேன் என்று ஓடினாளே, அவளும் நீட்டினாள். ஒவ்வொருவராக எல்லாரும் நீட்டினார்கள். வதனி ஊற்ற ஊற்ற வாயில் வைத்துத் துப்பினார்கள். அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது. நான் கேட்டபோது கூடாது என்ற தண்ணீர் அவள் ஊற்றினால் மட்டும் வாய்க்குள் போகிறது!

துப்பியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.  பூமணி அழத் தொடங்கினாள். "எங்கடை தண்ணியே அக்கா இது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வதனியும் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இனி ஒருவரும் மெசின் வைக்கக் கூடாது, மழை வரும் வரை கிணற்றை ஆற விட வேண்டும், பவுசர் நிற்காமல் வரத் தான் பொறுப்பு என்று சொன்னாள். ஓம், ஓம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது பாதி வழியில் பின்னாலிருந்து கேட்டாள். "அக்கா, நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலை சொல்லட்டோ, நீங்கள்தான் கண்டுபிடிச்சதெண்டு?"

"வேண்டாம்" என்றேன். "என்ரை பேர் வந்தால் ஊர் ரெண்டாப் பிரியும். அந்த மிஸ்ஸின்ரை எரிச்சலாலைதான் வேலை நிண்டதெண்டு சொல்லுவினம். பிறகு எவனாவது மெசினைக் கொண்டு வந்து வைப்பான். மழை பெய்யும் வரைக்கும் அது உம்மடை சொல்லா இருக்கட்டும்."

வாய்தான் வேண்டாம் என்றது. உள்ளுக்குள் 'சொல்லு, சொல்லு' என்று கிடந்து துடித்தேன். அவள் "சரி அக்கா" என்று உடனே ஒத்துக்கொண்டாள். இன்னொரு தரமாவது கேட்டிருக்கலாம்!

மறுநாள் கொழும்புக்காரர் வந்தார்கள். நான் போகவில்லை, ஆனால் ஒன்று விடாமல் விசாரித்து அறிந்தேன். சிவப்புத் துணியை வதனி அவிழ்க்கவேயில்லையாம். அளவுக்கு மிஞ்சி இறைத்துவிட்டோம், பிழை எங்களுடையது, நிறுத்திவிட்டோம் என்று நேரே சொன்னாளாம். அவர்கள் ஏசுவார்கள் என்று அவளுடைய ஆட்கள் பயந்துகொண்டு நின்றார்களாம். ஏசவா? அவர்கள் அவளைத் தூக்கித் தலையில் வைத்தார்கள். இப்படி உண்மை பேசுகிற நிறுவனத்தைத் தாங்கள் கண்டதில்லை என்றார்களாம். பிழையை ஒத்துக்கொள்ளும் துணிவு என்ற தலைப்பில் கதைக்க அவளைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் அவள் நிற்கிற படம் வந்தது. அதையும் நான் பெருப்பித்துப் பார்த்தேன். நல்ல சேலைதான் கட்டியிருந்தாள்.

நான் திருந்தினேன் என்று இதற்குப் பிறகு எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். திருந்தவில்லை. இன்றைக்கும் அந்த வீதியால் போனால் அவளுடைய வாசலைப் பார்ப்பேன். உங்களுக்கும் ஒரு வதனி இருப்பாள். பொறாமைப்படாதே என்று சொல்லி நான் ஏன் வாயைக் கெடுக்க வேண்டும்? அது பாட்டுக்கு வரும். பொறாமைப்படுகிறவள் கவனமாகப் பார்ப்பாள், அன்பு வைத்தவர்கள் கவனிக்காமல் விட்டதையும் பார்ப்பாள். பார்த்ததை எங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் புத்தி தெரியும். சந்தியில் கொடுக்காதீர்கள், மேலதிகாரியிடம் கொடுக்காதீர்கள். அந்த ஆளின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள், பிந்துவதற்கு முன்னர்.

மாரி மழை அந்த முறை நன்றாகப் பெய்தது. நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். மழை விட்டு வெயில் எறித்த ஒரு காலையில் மனம் கேளாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். பூமணி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பேணி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்கோ மிஸ், எங்கடை கிணத்துத் தண்ணி. வதனி அக்கா மட்டும் அண்டைக்கு வாயிலை வைச்சுப் பார்க்காட்டில் இந்த ஊருக்குத் தண்ணியே இல்லை. நீங்களும் பக்கத்திலை நிண்டனீங்கள்தானே?"

குடித்தேன். உப்பு இல்லை, துளியும் இல்லை. எரிச்சல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது, அதற்கு மேலாலேயே தண்ணீர் இறங்கியது.

"ஓம்" என்றேன். "நிண்டனான். இன்னும் கொஞ்சம் தாரும்."